பழுது பார்க்க முடியாததுக்குப் பேருதான் பிரீமியமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் தோட்டத்துக்கு வந்திருந்தான். திண்ணையில் இருந்த என் லேப்டாப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"ஏன் மாமா, லட்ச ரூபாய் மிஷின் வெச்சிருந்தீங்க. இப்ப செங்கல்லாட்டம் ஒண்ணத் தூக்கிட்டுத் திரியறீங்க? மஞ்சள் வெலை அவ்வளவு மோசமா?"

மஞ்சள் விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. காசு இல்லாமல் மாறவில்லை, கோபத்தில் மாறினேன். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் மடியிலும் அவன் வைத்திருப்பது போன்ற மிஷின்தான் இருக்கும் என்று தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியவன்தான்.

2019-ல் வாங்கினேன். ஒரு லட்சத்து நாலாயிரம். அந்த வருஷ மஞ்சள் பணத்தில் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. விரல் கனம், ஒரு கிலோ சொச்சம் எடை, மூடினால் சிலேட்டு மாதிரி இருக்கும். நாலரை வருஷம் ஒரு தொந்தரவும் தரவில்லை. அதில் பொய் சொல்லக் கூடாது.

2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி இடியும் மின்னலுமாக மழை. கரண்ட் வந்து வந்து போனது. ஒரு தடவை வந்தபோது பல்பு எல்லாம் பளீரென்று எரிந்து அடங்கியது. காலையில் பார்த்தால் மூன்று பொருள் செத்துக் கிடந்தன. நடுவீட்டு ஃபேன் ரெகுலேட்டர், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் ரிலே, சார்ஜில் போட்டிருந்த லேப்டாப். இந்த மூன்றும் பிறகு என்ன ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவே.

ரெகுலேட்டர்: கோபியில் எலக்ட்ரிக்கல் கடையில் நூற்றைம்பது ரூபாய். திருப்புளி எடுத்து நானே மாட்டினேன்.

ஸ்டார்ட்டர்: எலக்ட்ரீசியன் அண்ணன் சாயங்காலம் வந்தார். பழைய ரிலேயைக் கழற்றி, புதுசு போட்டு, கூடவே தேய்ந்திருந்த கான்டாக்ட்டையும் மாற்றினார். கூலியோடு எழுநூறு ரூபாய். ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ந்தது.

லேப்டாப்: கோவைக்குப் பஸ் ஏறினேன். போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது கிலோமீட்டர். ஏசி போட்ட சர்வீஸ் சென்டர், டோக்கன், காபி எல்லாம் உண்டு. கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"போர்டு போயிருச்சு சார். மொத்தமா மாத்தணும். ஐம்பத்தெட்டாயிரம் ஆகும்."

"அதுல எந்தப் பாகம் போச்சும்மா? அத மட்டும் மாத்த முடியாதா?"

"பாகமா நாங்க பாக்கறதில்ல சார். போர்டுதான்."

"சரி, உள்ளே இருக்கற கணக்கு வழக்கு?"

"ஸ்டோரேஜும் போர்டுலயே இருக்கு சார். புது போர்டு போட்டா பழைய டேட்டா வராது. பேக்கப் எடுக்கலையா?"

எடுத்திருந்தேன். பதினாறு மாசத்துக்கு முன்னால். அது என் தப்பு, யார் மேலும் போடவில்லை. ஆனால் அந்தப் பதினாறு மாசத்தில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு மழைமானி பார்த்து எழுதின கணக்கு இருந்தது. விதைமஞ்சள் எந்தப் பாத்தியில் எது என்ற குறிப்பு இருந்தது. ஆள்கூலிக் கணக்கு இருந்தது. இதெல்லாம் போனால் போகிறது, அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். பதினொரு வீடியோ இருந்தது. அப்பா கடைசி வருஷம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தடப்பள்ளி வாய்க்காலில் யார் யார் வயலுக்கு எந்த மடையில் முறைத் தண்ணி, எந்த வயலுக்கு என்ன பேர், அந்தப் பேர் எப்படி வந்தது என்று சொன்னது. போனில் இடம் இல்லை என்று லேப்டாப்பில் ஏற்றிவிட்டு போனில் அழித்திருந்தேன். அடுத்த வருஷம் திரும்ப எடுக்கலாம் என்றால், சொல்ல அப்பா இல்லை.

அந்த வீடியோக்கள் அழியவில்லை என்பதுதான் கொடுமை. அவை இருந்த சில்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மின்சாரம் வாங்கும் இடத்தில்தான் பொசுங்கியிருக்கிறது என்று ஈரோட்டில் சில்லு வேலை பார்க்கும் ஒரு கடைக்காரர் சொன்னார். ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். "பொசுங்குனது கட்டை விரல் நகத்துல பாதி இருக்கும்ங்க. ஆனா இந்தச் சில்லு வெளிச் சந்தையில கெடைக்கறதில்ல. போர்டோட வரைபடமும் அவங்க தர மாட்டாங்க" என்று காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு பத்திரமாக இருக்கிறது, சாவியும் இருக்கிறது, வாசலில் மட்டும் சுவர் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சேமிப்புச் சில்லைத் தனியாகக் கழற்றும்படி வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்று வரும் எம்.2 வகை எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். ஒரே ஒரு திருகு. கழற்றி, ஐந்நூறு ரூபாய் உறையில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். அதற்கு இடம் விடாமல் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது தவிர்க்க முடியாததால் அல்ல. அப்படித் தயாரிக்கலாம் என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து முடிவு எடுத்ததால்.

ராம் விஷயத்தில் அவர்கள் சொல்லும் சமாதானத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மின்சாரம் குறைவாகச் சாப்பிடும் எல்பிடிடிஆர் வகை நினைவகம் பிராசசருக்கு மிகப் பக்கத்தில் இருக்க வேண்டும், பழைய வகைச் செருகுதுளையில் அது ஒத்துவராது. பேட்டரி நேரம் கூடுதலாகக் கிடைக்க அதை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள். சரி, ஒத்துக்கொண்டோம். ஆனால் 2023 டிசம்பரில் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு கேம்2 என்று புதிய அளவுகோலையே வெளியிட்டது. அதே எல்பிடிடிஆர், திருகு போட்டுக் கழற்றி மாட்டலாம். 2024-ல் அப்படி ஒரு லேப்டாப் சந்தைக்கும் வந்துவிட்டது. முடியாது என்று சொன்னது முடிந்துவிட்டது. இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன காரணம் சொல்லப் போகிறார்கள்?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. ராம் ஒட்டியிருந்தால், வாங்குகிற அன்றைக்கே ஐந்து வருஷத்துக்கு வேண்டியதை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பயத்தில் பெரியதாக வாங்குவீர்கள். அந்தப் பெரியதுக்கு அவர்கள் போடுவதுதான் விலை, வெளியில் வாங்கி மாட்ட வழி கிடையாது. சிறியதாக வாங்கினால் நாலு வருஷத்தில் பற்றாமல் போகும், புது மிஷின் வாங்குவீர்கள். எப்படிப் போனாலும் கல்லா அவர்களுடையது.

எங்கள் கிணற்றில் ஓடும் ஐந்து எச்பி மோட்டார் 1991-ல் அப்பா வாங்கியது. அதற்கு நாலு தடவை காயில் கட்டியாச்சு. பேரிங் எத்தனை தடவை மாற்றினோம் என்று எனக்கே ஞாபகம் இல்லை. காயில் கட்டுகிற அண்ணன் பழைய செம்புக் கம்பியை எடை போட்டு, அந்தக் காசைக் கூலியில் கழித்துக்கொள்வார். மோட்டார் கம்பெனிக்காரன் இதற்காக அவர் மேல் கோபப்பட்டதில்லை. உள்ளே எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கழற்றிப் பார்த்தால் எண்ணிவிடலாம். கோயம்புத்தூர் மோட்டார் என்று நாடு பூராவும் பேர் வாங்கினதே, அது பழுதாகாத மோட்டார் என்பதால் இல்லை. மோட்டார் என்றால் பழுதாகும். பழுதானால் பக்கத்து ஊரிலேயே சரி பண்ணலாம் என்பதும் சேர்ந்துதான் அந்தப் பேர்.

முப்பது வருஷத்துக்கும் மேலே ஓடுகிற அதை நாம் சாதாரண மோட்டார் என்கிறோம். ஒரு ராத்திரி இடிக்குச் செத்து, எடைக்குக் கூடப் போகாமல் பீரோவில் கிடப்பதை பிரீமியம் என்கிறோம்.

இப்போது அந்தச் செங்கல்லைப் பற்றி. லெனோவோ திங்க்பேட் டி480. 2018-ல் வந்த மாடல். பெரிய ஐடி கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற மிஷின்களைத் துடைத்து விற்கிற கடைகள் சென்னை ரிச்சி தெருவிலும் கோவையிலும் நிறைய உண்டு. அங்கே பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். எட்டு ஜிபி ராம் இருந்தது. இரண்டு செருகுதுளையில் ஒன்று காலி. இன்னொரு எட்டு வாங்கி மாட்டினேன். எஸ்எஸ்டியைப் பெரிதாக்கினேன். பழைய பேட்டரி தேய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான், புதுசு போட்டேன். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

இதில் பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் வெளியே. வெளியே இருப்பதை மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிவிட்டு வேறு மாட்டலாம், உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். மூன்று மணி நேரம் கரண்ட் போகிற எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்று ஜெனரேட்டர் வைத்த அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எப்படிக் கழற்றுவது, எந்தத் திருகு முதலில், வேலையைத் தொடங்கும் முன் உள் பேட்டரியை எப்படி அணைத்து வைப்பது என்று படம் போட்ட கையேட்டைக் கம்பெனியே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து, பிளஸ் டூ படிக்கிற என் மகள்தான் ராம் மாட்டினாள். நான் டார்ச் பிடித்தேன்.

லெனோவோவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷமே, 2019-ல், டி490 என்று விட்டார்கள். வெளிப் பேட்டரி போச்சு, ஒரு ராம் போர்டோடு ஒட்டிக்கொண்டது. அவர்களும் அதே வழியில்தான் போனார்கள். பிறகு 2024-ல் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு அமைப்போடு சேர்ந்து டி14-ன் ஐந்தாம் தலைமுறையைச் செய்தபோது இரண்டு ராம் இடமும் திரும்பி வந்தது, பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படியும் ஆனது. அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்று ஒரு சின்னக் கம்பெனி 2021-லிருந்து ஸ்க்ரீன், கீபோர்டு, போர்டு என்று எல்லாவற்றையும் தனித்தனியாக விற்கிறது. திருப்புளியையும் பெட்டியிலேயே போட்டுத் தருகிறது. போர்டு பழசானால் போர்டை மட்டும் மாற்றலாம். அதுவும் மெல்லிய லேப்டாப்தான். மெலிசு வேண்டுமானால் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த மாற்றத்தில் எனக்கு நஷ்டமே இல்லையா? உண்டு. கனம் அதிகம், பையில் போட்டு டவுனுக்குப் போனால் தோள் சொல்லும். புது மிஷின்களில் இருக்கும் பளிச்சென்ற திரை இதில் கிடையாது. வீடியோ வெட்டி ஒட்டினால் பெருமூச்சு விடும். சினிமா எடிட்டிங் செய்கிறவரை நீங்களும் இதுக்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம், பழையது எல்லாமும் நல்லது என்று கண்ணை மூடி வாங்கினாலும் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். டி480 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பியது. அதற்கு முந்தைய வருஷ மாடலான டி470, அதே உடம்பு, அதே உழைப்பு, கோட்டுக்கு அந்தப் பக்கம். திருகு கழற்ற முடிந்தும் பயனில்லை. லினக்ஸ் போட்டால் அதுவும் ஓடும் என்பது வேறு கதை. பூட்டு திருகில் மட்டும் இல்லை, சாஃப்ட்வேரிலும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அந்தச் சாஃப்ட்வேர் பூட்டு எங்கள் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க விவசாயிகள் ஜான் டீர் டிராக்டரோடு பட்ட பாட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். அறுவடை நடுவில் வண்டி நின்றால், பாகத்தைச் சொந்தமாக மாற்றினாலும், டீலரின் ஆள் வந்து கம்ப்யூட்டர் மாட்டினால்தான் சில பழுதுகள் தீரும் என்ற நிலை. அதை எதிர்த்துக் குரல் கொடுத்துக் கொடுத்து, கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதிய புகைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான், புகை குறைய வேண்டும். ஆனால் அதனால் இன்ஜினுக்குள் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்கிறது. அது சொல்லும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி எங்கள் ஊர் மெக்கானிக் கையிலும் இருக்குமா, ஷோரூமில் மட்டும் இருக்குமா என்பதுதான் கேள்வி. மடிக்கணினியில் இன்று நீங்கள் சரி என்று தலையாட்டுவது, நாளை எங்கள் உழவு வண்டியில் வந்து நிற்கும்.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கிற கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வேண்டும். கையேடு தருகிறார்களா, கழற்ற எளிதா, பாகம் கிடைக்குமா, பாகத்தின் விலை நியாயமா என்று பார்த்துப் போடுகிற மார்க். ஐரோப்பா முழுவதும் 2027 பிப்ரவரியிலிருந்து கைக்கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே மாற்ற முடிய வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. அந்தக் குழு முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று, சந்தோஷம். அந்த வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரத்தை அதில் போடலாம். போடலாம் என்பதுக்கும் போட வேண்டும் என்பதுக்கும் நடுவில்தான் என் ஐம்பத்தெட்டாயிரம் கிடக்கிறது.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்? சந்தை உங்களைப் பார்த்துத்தான் பொருள் செய்கிறது. உங்களுக்கு சர்வீஸ் சென்டர் மூன்று சிக்னல் தள்ளி. இஎம்ஐயில் புதுசு வீட்டு வாசலுக்கு வரும். அதனால் ஒட்டின மிஷினின் வலி உங்களுக்குத் தெரிவதில்லை. எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கும், அண்ணன் கழித்த லேப்டாப்பில் காலேஜ் படிக்கிற பெண்ணுக்கும்தான் அது தெரியும். நீங்கள் மூன்று வருஷம் ஓட்டிக் கழிக்கிற மிஷின்தான் எங்கள் ஊருக்கு இரண்டாம் கையாக வரும். டி480 அப்படித்தான் வந்தது. நீங்கள் இன்று ஒட்டினதை வாங்கினால், அஞ்சு வருஷம் கழித்து எங்களுக்கு வருவது குப்பை.

அதனால் அடுத்த தடவை வாங்கும்போது கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ராம் கழற்றலாமா? எஸ்எஸ்டி கழற்றலாமா? பேட்டரி மட்டும் மாற்ற என்ன செலவு? விற்கிறவர் திருதிருவென்று முழிப்பார். பரவாயில்லை. நூறு பேர் கேட்டால் கம்பெனி வரைக்கும் போகும். ஆபீசில் மொத்தமாக லேப்டாப் வாங்குகிற பொறுப்பில் யாராவது இருந்தால், உங்கள் ஒரு கேள்விக்கு என் ஆயிரம் கேள்விக்குச் சமமான பலம் உண்டு.

அக்கா மகன் எல்லாம் கேட்டுவிட்டுத் தன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் இருந்த திருகு எதற்கும் எங்கள் வீட்டுத் திருப்புளி பொருந்தவில்லை. "இதுல எஸ்எஸ்டி கழட்ட முடியுமான்னு தெரியலயே மாமா" என்றான். பாப்பா போட்டோ எல்லாம் எதில் இருக்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் மகளிடம் போய் ஹார்ட் டிஸ்க் இருக்கா என்று கேட்டான். சாப்பாடு ஆகிற வரைக்கும் காப்பி ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை மழை 14 மில்லிமீட்டர். லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். நோட்டிலும் எழுதிவிட்டேன்.